கோமதி வெட்டிய வரிகள்

கோமதிக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேடையில் கோமதி வேலை பார்த்த கல்லூரியின் துறைத்தலைவர், நினைவு மலருக்குப் பதிப்பாசிரியராக இருக்கும் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், எங்கள் ஜமாஅத் செயலாளர். முன்வரிசையில் கோமதியின் தம்பி ஏழுமலை, அவர் மனைவி, கோமதியிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இரண்டு மாணவிகள். அடுத்த இரண்டு வரிசைகளில் கல்லூரி ஆசிரியர்கள் பதினொருவர், கட்சிக்காரர் ஒருவர், அவரோடு வந்த இருவர், உள்ளூர் நிருபர் ஒருவர். கடைசி வரிசையில் நானும் என் நாத்தனார் ஜமீலாவும். வாசல் பக்கம் டீ கேனோடு நின்ற கேன்டீன்காரர்.

வீட்டு வரவு செலவை எழுதிப் பழகிய கை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. வெளியே வரக் கூடாத ஒரு பேச்சை அன்று இத்தனை பேரும் கேட்டார்கள். யார் காதில் விழுந்தது என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்க் கேட்டுக்கொள்வது என்று தெரியும்.

கோமதியைப் பற்றி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி துறையிலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார்கள். "தகவலாளி என்ற முறையில் எழுதுங்க" என்றார் வந்தவர். அப்படி ஒரு சொல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கோமதி என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மெகரக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில் எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகும்.

அவர் இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்தது. தொழுத பாயிலேயே உட்கார்ந்து, குர்ஆனில் யாசீன் ஓதுவதற்காகக் கைபேசியை எதிரே சாய்த்து வைத்திருந்தேன். வியாழன்தோறும் அந்த நேரத்தில் எங்கள் சொந்தத்துப் பெண்கள் போனிலேயே கூடி ஓதுவோம். மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் என் சின்னம்மா மகளுக்கு அப்போது பிள்ளைகளைப் படுக்கப் போடும் நேரம். குவைத்தில் இருக்கும் ஜமீலாவின் மகளுக்கு இன்னும் வெயில் இறங்கியிருக்காது. கோமதி தன் ஆராய்ச்சிக் காலம் முழுக்கப் பார்த்தது இதைத்தான். ஒரு சின்ன ஊரின் முஸ்லிம்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கள் ஆட்களோடு எப்படிப் பிணைந்திருக்கிறார்கள், அந்தப் பிணைப்பில் அவர்களுடைய மார்க்கப் பழக்கங்களில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தார்.

அன்று முதலில் அடித்தது ஈப்போ அல்ல, கோமதியின் தம்பி ஊரான மணலூர்பேட்டை. ஏழுமலை பேசினார்.

"பாயம்மா, அக்கா போய்ட்டாங்க. ஜொரம்னு ஆஸ்பத்திரில சேத்தோம். மத்தியானம் வரிக்கும் நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க. மூச்சு வுட முடியலன்னாங்க. அவ்ளோதான்."

போனில் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தபோது சொன்னேன். "நம்ம கோமதியா?" என்று ஈப்போக்காரி அழுதாள். அவள் கோமதியை நேரில் பார்த்ததே இல்லை. குவைத்திலிருந்து ஜமீலாவின் மகள், "அவங்களுக்காக ஓதலாமா மாமி?" என்று கேட்டாள். அதற்கு விடை சொல்ல நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை. அன்றைக்கு எங்களில் யாருக்கும் ஓத நாக்கு எழவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

கோமதி எங்கள் வீட்டுக்கு வந்தது மண்டி வழியாக. என் வீட்டுக்காரருக்குப் புளி, கடுக்காய் மண்டி. கடுக்காயைக் கல்வராயன் மலையில் வாங்கித் தோல் பதனிடும் ஊர்களுக்கு அனுப்புவார். எந்தக் காலத்திலிருந்து இந்த வியாபாரம், மலேசியாவுக்குப் போன பங்காளிகள் யார் என்று கோமதி கேட்டுக்கொண்டே இருக்க, இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எல்லாம் வூட்ல கேளுங்கம்மா. எம் பாட்டன் பேரே அவளக் கேட்டுத்தான் சொல்லுவேன்." அப்படி வந்தவர்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. அதைக் கோமதி ஒரு அதிசயம் போலப் பேசாமல் இருந்ததாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் எழுதித் தரும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

முதல் கட்டுரையை எழுதி முடித்ததும் அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து, பேட்டி கொடுத்த பெண்களை உட்கார வைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினார். இதுதான் அவர் வேலை செய்த முறை. அச்சுக்குப் போகும் முன் சொன்னவர்கள் முன்னால் படிப்பார். எதை வெட்டச் சொல்கிறார்களோ அதை வெட்டிவிடுவார். ஏன் என்று கேட்கமாட்டார். "சொன்னவங்க காதுல விழாதது அச்சுல விழக்கூடாதுக்கா" என்பார்.

அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில், வளைகுடா நாடுகளின் தாக்கத்தால் இவ்வூர்ப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியைக் கைவிட்டுக் கறுப்புப் புர்காவுக்கு மாறினார்கள் என்று எழுதியிருந்தார். ஜமீலா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னாது, தாக்கமா?"

"அங்கேர்ந்து வந்த பழக்கம்னு அர்த்தம்க்கா."

"ஒண்ணும் எங்கேர்ந்தும் வரல. வெள்ளத் துப்பட்டிய தொவச்சி நீலம் போட்டு காய வெக்கிறது யாரு, ஒங்க புரொபசரா? மழ பேஞ்சா முட்டி வரிக்கும் சேறு. கறுப்புன்னா அழுக்கு கம்மியா தெரியும், அதான் மாத்தினேன். எழுதிக்கோ."

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் சும்மா இருப்பாளா? "அவ சொல்றத எழுதாதம்மா. அவ மவ குவைத்துலேர்ந்து ரெண்டு அனுப்பினா. ஓசில வந்துச்சேன்னு மாட்டிக்கினா."

"ஒனக்கு அனுப்ப ஆளில்லன்னு வயித்தெரிச்சல்டி."

கோமதி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தாக்கம், சேறு, ஓசி மூன்றும் கட்டுரைக்குள் போயின. மறுமுறை படித்துக் காட்டியபோது ஜமீலா ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னாள். "ஓசின்னு போடாத. அன்பளிப்புன்னு போடு." அன்பளிப்பு என்றே அச்சில் வந்தது. இவர்கள் இரண்டு பேரும் தங்கள் பெயரைப் போடச் சம்மதித்தவர்கள். ஜமீலா போட்டே ஆக வேண்டும் என்றாள்.

அந்த நாட்களில் ஜமாஅத் செயலாளர் என் வீட்டுக்காரரைப் பள்ளிவாசலில் நிறுத்தி வைத்து, "வெளி ஆளு வந்து நம்ம பொம்பளைங்ககிட்ட மார்க்கத்தப் பத்தி இன்னா வெசாரண? கதவ சாத்து பாய்" என்று சொன்னார். கதவைச் சாத்தவில்லை. கூட்டத்தில் அதே வாய் கோமதியை "எங்கள் சமுதாயத்தின் அருமைச் சகோதரி" என்றது. கேட்ட எனக்கு, ஈ விழுந்த பாலை விழுங்கியது போல இருந்தது.

'வலைப்பின்னல்' என்ற சொல் கோமதிக்குப் பிடிக்காது. ஆனால் அவருடைய ஆய்வுத் திட்டத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. ஏன் என்று கேட்டேன். "நெட்வொர்க்குன்னு எழுதினா பணம் குடுப்பாங்கக்கா. சொந்தபந்தம்னு எழுதினா யாரு குடுப்பா?" என்றார்.

ஒரு முறை சென்னையில் நடந்த கருத்தரங்குக்கு என்னையும் கூட்டிப்போனார். திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். கள்ளக்குறிச்சி ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து கடல் தாண்டி நாலா பக்கமும் அம்புக்குறிகள். என் வீடும் என் கொல்லைப்புறமும் அந்தச் சிவப்புக்குள் எங்கோ இருந்தன. ஒருவர் எழுந்து, "இந்தக் கோடுகளில் என்னென்ன போகிறது, என்னென்ன வருகிறது? அதை நாம் கண்காணிக்க வேண்டாமா?" என்று கேட்டார். கேட்ட தினுசிலேயே என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. கோமதி ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"வர்றது தலவலித் தைலமும் பேரப்புள்ளைங்க போட்டோவும் சார். போறது நார்த்தங்கா ஊறுகாயும் கடுக்காப் பொடியும். பாதி ஊறுகாய ஏர்போர்ட்லயே புடுங்கிக்கிறாங்க. அத வேணா கண்காணிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டில் எங்கள் மேசைக்கு யாரும் வரவில்லை. கோமதி தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "யாசீன் ஓதறத போலீஸ் பாஷைல எழுதிக் குடுக்கச் சொல்றாங்கக்கா. எழுதிக் குடுத்தா நாளைக்கே எனக்கு பதவி வரும்" என்று சொல்லிவிட்டு, கையில் ஏதோ ஒட்டிக்கொண்டது போலப் புடவை முந்தானையில் துடைத்தார். அந்தத் துடைத்தலை நான் மறக்கவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கோமதி கேட்டபோது கூட்டிப்போனது நான்தான். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ், வெள்ளிமலையிலிருந்து ஜீப். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அந்த அம்மா மலையில் பிறந்து எங்கள் சமூகத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் பிழைக்கப் போன நாட்டிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகிவிட்டார். அந்த அம்மாவுக்கு மலையிலும் உறவு உண்டு, கீழேயும் உறவு உண்டு. இப்படிப்பட்டவர் ஒருவர்தான் என்று நினைத்துத் தேடக் கிளம்புகிறவர் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

நாங்கள் போனபோது சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கோமதி ஒலிப்பதிவுக் கருவியைக் கீழே வைத்ததும் முறத்தை நிறுத்தி அதை உற்றுப் பார்த்தார்.

"டீச்சரு, இந்தப் பொட்டிக்குள்ள எம் பேச்சு போயிட்டா வெளிய வருமா?"

"நீங்க சொன்னாத்தாம்மா வரும்."

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசினார். கணவர் போன கப்பல், அவர் அனுப்பிய முசல்லா விரிப்பு, அதில் தான் தொழக் கற்றுக்கொண்டது, மலையில் அண்ணன் தம்பிகள் வீட்டு விசேஷங்கள். பேச்சு போகிற போக்கில், தான் தனியாக இருக்கும்போது மனதுக்குள் என்ன சொல்லி வேண்டிக்கொள்கிறார் என்பதையும் சொன்னார். கேட்க ஆள் கிடைத்தால் இப்படித்தான் நெஞ்சு திறந்துகொள்ளும். அதை எழுத்தில் எழுதியது நான். எழுதும்போது என் கை இரண்டு முறை நின்றது.

அடுத்த தையில் மறுபடி போய்ப் படித்துக் காட்டினோம். அந்த இடம் வந்ததும் அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"அது வாணாம் டீச்சரு."

"எதும்மா?"

"அந்த எடம் மொத்தமும். மனசுல இருந்தது வாயில வந்துடுச்சி. எங்க அண்ணந் தம்பிங்க கேட்டா ஒரு மாதிரி ஆயிடும், அவரு வூட்டு ஜனங்க கேட்டா ஒரு மாதிரி ஆயிடும். எனக்கு ரெண்டு வூட்லயும் சோறு தண்ணி பொழங்கணும்."

கோமதி பேனாவை எடுத்து அந்தப் பக்கங்களில் மேலிருந்து கீழாகக் குறுக்கே கோடு இழுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கங்கள் போனால் அந்த அத்தியாயமே எலும்பும் தோலும்தான் என்று எழுதிய எனக்குத் தெரியும். மலையிறங்கும்போது கோமுகி அணை கண்ணில் பட்டது.

"இத்தன வருஷமா நான் தேடிக்கினு இருந்தது அதானேக்கா" என்றார்.

"அப்ப பேரு ஊரு மாத்திப் போட்டுக்கலாம்னு கேட்டிருக்கலாமே?"

"வாணாம்னு சொன்னப்புறம் எடுத்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லக்கா. திருட்டு."

எங்கள் மார்க்கத்தில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரித்தான் நம்பிச் சொன்ன பேச்சும். கோமதிக்கு அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுத்தேன். பொருள் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பதிப்பாசிரியராக இருக்கும் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் எங்கள் வீட்டில் கோமதி இருக்கும்போது அவர் போன் வந்தது. என் கை மாவாக இருந்ததால் காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார்.

"அந்தப் பக்கங்கள் இல்லேன்னா புத்தகமே இல்ல கோமதி. பேர மாத்திட்டுப் போடு."

"பேர மாத்தினா மலைல தெரியாம போயிடுமா சார்? வூட்டுக்கு வூடு தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அவங்க என்ன படிக்கவா போறாங்க?"

கோமதி போனை அணைத்தார். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கேட்டீங்களாக்கா? எவ்ளோ பெரிய படிப்பு" என்றார்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். கோமதி படத்துக்குப் பெரிய மாலை. படத்தின் கீழே அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் துறையின் பெயர். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கோமதி தன்னிடம் எப்படி ஆலோசனை கேட்பார் என்று ஒருவர், தன் முன்னுரையால்தான் அவர் கட்டுரை வெளிநாட்டில் பேசப்பட்டது என்று இன்னொருவர். செத்தவர் படத்தைக் கண்ணாடியாக வைத்துத் தலை சீவிக்கொண்டார்கள். அவர் படித்துக் காட்டும் பழக்கத்தைப் பற்றி அந்த மேடையில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாணவி ஒருத்தி சொல்ல எழுந்தாள். நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு பதிப்பாசிரியர், "நம் கோமதியின் குரலை நாம் மறுபடி கேட்போம்" என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்தார். பெட்டியிலிருந்து கோமதியின் குரல் வந்தது. ஏழுமலை மனைவி விம்மினார். என் கண்ணும் நிறைந்தது. கோமதி ஏதோ கேட்கிறார், சிரிக்கிறார். அடுத்து வந்தது அந்த அம்மாவின் குரல்.

முதல் சொல்லிலேயே எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவள் நான்தானே. எழுந்து "நிறுத்துங்க" என்றேன். முன்வரிசை வரைக்கும்கூட என் குரல் போகவில்லை. ஜமீலா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. சிறப்பு விருந்தினர், "பிரமாதமான தரவு" என்று தொடையில் தட்டினார். ஒருவர் சிரித்தார். யார் என்று பார்த்தேன், எழுதவில்லை. அவருக்கே தெரியும்.

அருவருப்பு என்றால் இத்தனை நாள் நான் அழுகின பண்டத்துக்கும் சாக்கடைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று தெரிந்துகொண்டேன். ஒரு பெண் தன் படைத்தவனோடு தனியாகப் பேசிக்கொள்வதை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்தது டீ என்று அறிவித்தார்கள்.

டீயோடு போண்டா வந்தது. ஜமாஅத் செயலாளர் கையில் போண்டாவோடு என்னிடம் வந்தார். "எந்த ஊரும்மா அந்தப் பொம்பள? நம்ம ஆளா? இப்டிப் பேசுதே, நிக்காஹ்லாம் மொறயா ஆச்சா?" நான் பதில் சொல்வதற்குள் கட்சிக்காரர் வந்தார். "மலைல எந்தப் பக்கம்? பேரு இன்னா? நம்ம ஜனத்த இப்டித்தான மாத்திக்கினு இருக்காங்கோ." இந்த இரண்டு பேரும் இதுவரை எந்த ஒன்றிலும் ஒத்துப்போனதை ஊர் பார்த்ததில்லை. அன்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள், ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். பொய். அதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் கேட்கமாட்டேன்.

நேரே பதிப்பாசிரியரிடம் போனேன். "சார், அது வெட்டின பகுதி. வராதுன்னு கோமதி வாக்கு குடுத்தது."

"எழுத்துலதானே வெட்டினாங்க? ஆடியோ இருக்கே. இது கோமதிக்கு நாம செய்யற மரியாதைம்மா. மலர்ல அந்தப் பகுதி முழுசா வருது. பக்கத்துலயே கியூஆர் கோடு போட்டுடறோம். போன காமிச்சா குரலே கேக்கும்."

"அந்த அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. போண்டா சாப்பிட்டீங்களா?"

இதுவரை ஒரு கூடத்தில் இருந்தவர்கள் காதோடு நின்றது, இனி போன் வைத்திருக்கும் எவன் கைக்கும் போகும். மலையில் எல்லோர் கையிலும் இப்போது போன் இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டியதில்லை. குரலைக் கேட்டால் அண்ணன் தம்பிகளுக்குத் தெரியாதா? கீழே இருக்கும் உறவுகளுக்குத் தெரியாதா? அந்த அம்மா குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் வேறு நெருங்குகிறது. அது நின்றால் யார் வந்து நடத்திவைப்பார்கள், துறைத்தலைவரா?

ஒலிப்பதிவு இவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று ஏழுமலையிடம் கேட்டேன். காரியம் முடிந்த மறுநாள் கல்லூரியிலிருந்து காரில் வந்திருக்கிறார்கள். "காலேஜ் பொருளுன்னாங்க பாயம்மா. பெரிய மனுஷங்க வூடு தேடி வந்து கேக்கறாங்கோ, அக்கா பைய அப்டியே தூக்கிக் குடுத்துட்டேன். அதுல ஒரு பொம்பள பேச்சு இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?" சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். கரும்பு வெட்டு நடக்கும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு இரண்டு முறை துறைக்குப் போய்ப் பையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்களாம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோமதிமேல் உண்டு. இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். எழுத்தில் வெட்டிய அன்றே பெட்டியிலும் அழித்திருக்க வேண்டும். ஏன் விட்டுவைத்தார்? ஆசையா, மறதியா, தன்னைத் தவிர யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பா? எதிரே உட்கார வைத்துக் கேட்க ஆள் இல்லை. எனக்கு இது ஆறவில்லை. நல்லவர்கள் சாகும்போது அவர்கள் பூட்டியிருந்த கதவும் சேர்ந்து திறந்துகொள்கிறது என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன வாரம் மலைக்குப் போனேன். ஜமீலாவும் வந்தாள். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கேட்டார்.

"யாரெல்லாம் இருந்தாங்க?"

மேலே எழுதியிருக்கும் பட்டியலைப் படித்தேன்.

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தர்."

"டீச்சரு இருந்திருந்தா வுட்டிருக்க மாட்டாங்க" என்றார். பிறகு ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் நிறுத்த ஓடினியாம்மே?"

"ஓடினேன்க்கா. எம் முட்டி வலி நேரத்துக்கு ஓட வுடல." அதற்கு இரண்டு பேரும் ஒரு கணம் சிரித்துவிட்டார்கள். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எம் பேச்ச அந்தப் பொட்டிலேர்ந்து திருப்பி எடுக்க முடியுமா? கேட்டுச் சொல்றியா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு இந்தக் கட்டுரையை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் வாணாம் என்றார். ஒன்று, நான் நன்றாக எழுதிவிட்டேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பத்தி. இரண்டையும் அங்கேயே கோடு இழுத்து வெட்டினேன், காரணம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய தாளை அடுப்பில் வைத்தேன். மலையில் நடந்ததைப் பிறகு சேர்த்து எழுதினேன். அதையும் ஜமீலா போனில் படித்துக் காட்டி, சரி என்ற பதிலை வாங்கிவிட்டாள்.

கோமதியிடமிருந்து வரவு செலவு போக எனக்கு நின்றது இந்த ஒரு பழக்கம்தான். சொன்னவர்கள் முன்னால் படிப்பது, வேண்டாம் என்றால் வெட்டுவது. அவர் விட்டுவைத்ததை அழிப்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

பேராசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது இரண்டு. அந்த அம்மாவின் குரல் உங்களிடம் எந்தெந்தப் பெட்டியில், யார் யார் போனில் இருக்கிறதோ அத்தனையிலும் ஏழுமலை முன்னிலையில் அழிப்பீர்களா? வெட்டிய பகுதி மலரில் எழுத்தாகவோ குரலாகவோ வராது என்று எழுதித் தருவீர்களா? இந்தக் கட்டுரையை நீங்கள் மலரில் போட்டாலும் போடாவிட்டாலும், மேலே பட்டியலில் உள்ள எல்லோருக்கும், கேன்டீன்காரர் உட்பட, ஒரு நகல் அனுப்புகிறேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அன்று காதில் விழுந்ததை அங்கேயே விட்டுவிடுங்கள், அந்த அம்மாவைத் தேடாதீர்கள் என்பதுதான்.

மலையில் ஒருவர் என் போனுக்காகக் காத்திருக்கிறார். உண்டு அல்லது இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மெகருன்னிசா
கள்ளக்குறிச்சி